தடுத்த நஷ்டத்துக்கும் கணக்கு எழுதுங்கள்

கேள்வி

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு வயது 29. கேரளத்தில், பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கிராமம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பொள்ளாச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். ஏழு ஆண்டுகளாகக் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில், சரக்கு அனுப்பும் டிஸ்பேட்ச் பிரிவில் வேலை. சம்பளம் 19,400 ரூபாய்.

இந்த ஏப்ரலில் எங்கள் பிரிவில் உதவி மேலாளர் பதவி வந்தது. எனக்கு மூன்று ஆண்டு பிந்திச் சேர்ந்த திருச்சூர்க்காரருக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். அவர் பி.காம். படித்தவர். லாரிக்காரர்களிடம் பேசவே அவருக்குத் தெரியாது. ஆனால் சனிக்கிழமை தவறாமல் மேலாளருக்கு ஒரு மெயில் அனுப்பி நல்ல பெயர் வாங்கிக்கொள்வார். அந்தக் காக்காய் பிடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. போன மாதம் ஓசூருக்குப் போக வேண்டிய ஒரு லாரி, லோடு ஏற்றிய பிறகு பழுதாகி எங்கள் வளாகத்திலேயே நின்றுவிட்டது. அதன் இ-வே பில் (சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி ஆன்லைன் சீட்டு) அன்று நள்ளிரவோடு முடிகிறது என்பதை நான்தான் கவனித்து, தூங்கிக்கொண்டிருந்த கணக்குப் பிரிவு நண்பரை எழுப்பி நீட்டிக்க வைத்தேன். இதெல்லாம் என் வேலைதானே என்று யாரிடமும் சொல்லவில்லை.

மலையாளம் நன்றாகப் பேசுவேன். எழுதப் படிக்கத் தெரியாது. கூட்டங்களில் வாயைத் திறப்பதில்லை. இங்கே நான் தமிழன், கோயம்புத்தூர் போனால் மலையாளி. ஒரு வருடமாக அதிகாலை ஐந்து மணிக்கு எழுகிறேன், இலக்குகளை நோட்டில் எழுதுகிறேன், படுக்கும் முன் தன்னம்பிக்கைப் பேச்சுகள் கேட்கிறேன். ஒன்றும் மாறவில்லை. கோயம்புத்தூர் குறிச்சியில் ஒரு நிறுவனம் 23,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. இன்னொரு பக்கம், 45,000 ரூபாய்க்கு ஒரு தலைமைப் பண்புப் பயிற்சி வகுப்பு இருக்கிறது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். பெண் வீட்டார் முதலில் கேட்பது பதவியைத்தான். அம்மாவுக்குச் சர்க்கரை நோய், இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) மருந்தகத்தில்தான் மாத்திரை வாங்குகிறோம். எல்லாம் விதி என்கிறார் அம்மா. நான் என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம்.

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

பதவி போன கதையை விரிவாக எழுதிவிட்டு, அந்த ஓசூர் லாரியை மூன்று வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளின் பணியாளர் பிரிவில் வெகுகாலம் இருந்தவள் என்பதால், அந்த இரவுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

லோடு 16 டன் என்று வைத்துக்கொள்வோம். சரக்கின் மதிப்பு எட்டு லட்சம். கம்பிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக வரி 1,44,000 ரூபாய். இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது விதி. ஓசூர் 200-க்கு மேல், 400-க்குள் வரும் தூரம். அதனால் இரண்டு நாள். திங்கட்கிழமை வண்டி எண் ஏற்றிய பில் புதன் நள்ளிரவோடு செத்துவிடும். முடிகிற நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னும் எட்டு மணி நேரம் பின்னும் மட்டுமே நீட்டிக்க முடியும். அதைத் தவறவிட்டால் அந்தப் பில்லுக்கு உயிர் இல்லை. மாநில எல்லையான வாளையாற்றில் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்ற காலம் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு முடிந்தது. வரிச் சோதனைச்சாவடி போனாலும் சோதனை போகவில்லை. பறக்கும் படை எங்கு வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தும். காலாவதியான பில்லோடு மாட்டினால், ஜிஎஸ்டி சட்டத்தின் 129-ஆம் பிரிவைக் காட்டி, வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம் கேட்கலாம். அது 2,88,000 ரூபாய். மேல்முறையீட்டில் குறையலாம், ரத்தும் ஆகலாம். அதுவரை வண்டி நிற்கும், ஹால்டிங் (வண்டி காத்து நிற்பதற்கான கட்டணம்) ஏறும், ஓசூர்க்காரர் வேறு ஆலைக்குப் போன் போடுவார்.

உங்கள் ஓர் ஆண்டுச் சம்பளம் 2,32,800 ரூபாய். அந்த ஓர் இரவில் நீங்கள் காப்பாற்றியிருக்கக்கூடிய தொகை அதைவிட அதிகம். இது யாருக்குத் தெரியும்? உங்களுக்கு, தூக்கம் கலைந்த நண்பருக்கு, ஒருவேளை கேட் வாட்ச்மேனுக்கு.

நடந்துவிட்ட தவறுக்குத்தான் ஆலைகளில் பதிவேடு உண்டு. அபராதம் கட்டியிருந்தால் ரசீது இருக்கும், விசாரணைக் குறிப்பு இருக்கும், யார் தவறு என்று மூன்று மெயில்கள் பறந்திருக்கும். தடுத்துவிட்டதால் ஒன்றுமே நடக்காத ஒரு புதன்கிழமையாக அது முடிந்துபோனது. டிஸ்பேட்ச், ஸ்டோர்ஸ், மெயின்டனன்ஸ் ஆகிய மூன்று பிரிவுகளில் இருப்பவர்களுக்கும் இதுதான் தலைவலி. எவ்வளவு நன்றாக வேலை செய்கிறார்களோ அவ்வளவுக்கு அவர்கள் வேலை கண்ணில் படாது.

பதவி உயர்வு எப்படி முடிவாகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வெளியில் நினைப்பதுபோல் பெரிய ஆராய்ச்சி எதுவும் நடப்பதில்லை. நடுத்தர ஆலைகளில் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கூட்டம், மேசையில் நான்கைந்து பெயர்கள். பிரிவு மேலாளரைக் கேட்பார்கள்: 'இவர் என்ன செய்தார்?' அவர் நினைவிலிருந்து பேசுவார். அவருக்கு நினைவில் இருப்பது கடந்த இரண்டு மாதம்தான். அதிலும் யார் சத்தமாகச் சண்டை போட்டார்கள் என்பது கொஞ்சம் தூக்கலாக இருக்கும். 'நல்ல பையன், கடுமையாக உழைப்பான்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்வார். இந்த வாக்கியத்தைக் கேட்டு ஒருவருக்கும் பதவி கிடைத்து நான் பார்த்ததில்லை. இன்னொருவரைப் பற்றி, 'ஜனவரியில் எடை மேடைத் தகராறைத் தீர்த்தார், பிப்ரவரியில் அனுப்பாமல் தேங்கிய சரக்கைப் பாதியாகக் குறைத்தார்' என்பார். அவருக்கு மட்டும் எப்படி மாதம் மாதமாக நினைவிருக்கிறது? வாரா வாரம் ஒரு தாள் வந்திருக்கிறது, அதனால்.

ஆக, திருச்சூர்க்காரர் அனுப்பிய சனிக்கிழமை மெயிலைக் காக்காய் பிடித்தல் என்று தள்ளிவிடாதீர்கள். அதில் என்ன எழுதுகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் படித்ததாகத் தெரியவில்லை. மேலாளரைப் புகழ்ந்து எழுதுகிறார் என்றால் உங்கள் கோபம் நியாயம். அந்த வாரம் எத்தனை லாரி போனது, எது நின்றது, ஏன் நின்றது என்று எழுதுகிறார் என்றால் அது உங்கள் பிரிவின் வேலை. அதைச் செய்தவருக்குப் பலன் கிடைத்திருக்கிறது.

இனி உங்கள் வலிக்கு வருகிறேன். தமிழன் என்பதால் ஒதுக்கினார்களா? அப்படியெல்லாம் நடக்காது தம்பி என்று முதுகைத் தட்டி அனுப்ப நான் தயாராக இல்லை. நடக்கிறது. பாலக்காட்டு ஆலைகளில் பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் இதே விஷயம் திருப்பிப் போடப்பட்டு மலையாளிகள் மேல் பாய்வதையும் பார்த்திருக்கிறேன். 1956 நவம்பர் முதல் தேதி மாநில எல்லைக் கோடு விழுந்தது. அதுவரை பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டம், உங்கள் சித்தூர்த் தாலுகா திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு எங்கே விழுந்தாலும் கடலைக்காய் விதைத்தவனும் கள் இறக்கியவனும் அவரவர் வீட்டில் பேசியதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் உங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டு பக்கமும் 'நீ யார் ஆள்?' என்ற கேள்வி பரம்பரைச் சொத்து மாதிரி வந்துகொண்டே இருக்கிறது.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒதுக்கல்தான் காரணமா, தாள் இல்லாததுதான் காரணமா என்று இப்போதைக்கு உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. ஒதுக்கல் என்று முடிவு கட்டிவிட்டால் மனதுக்கு ஒரு வகை நிம்மதி உண்டு. செய்ய வேண்டியது எதுவும் மிச்சமிருக்காது. அந்த நிம்மதி உங்களுக்கு இப்போது வேண்டாம். பரிசோதித்துப் பார்த்துவிடுவோம்.

மேலாளரிடம் பத்து நிமிடம் நேரம் கேளுங்கள். கேட் அருகிலோ கேன்டீனிலோ வேண்டாம், அவர் அறையில். ஏப்ரலில் நடந்ததைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள், திருச்சூர்க்காரர் பெயரை எடுக்காதீர்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: 'அடுத்த முறை இந்த மாதிரிப் பதவிக்கு என் பெயரை எடுக்கும்போது என்னிடம் எது இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?' பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அது உங்களுக்கு நன்றாக வரும் என்று கடிதத்திலேயே தெரிகிறது. அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அன்று மாலையே நன்றி சொல்லி, 'நீங்கள் சொன்னது இவை' என்று நான்கு வரி மெயில் போடுங்கள். 'ரிப்போர்ட் தயாரிக்க வராது', 'கூட்டத்தில் பேசுவதில்லை', 'லேபர் ஆபீஸ் நோட்டீஸ் வந்தால் படிக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது' என்று கையில் பிடிக்கிற மாதிரி ஏதாவது சொன்னால், செய்ய வேண்டியது கிடைத்துவிட்டது. 'பார்க்கலாம், உழைத்துக்கொண்டே இரு' என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால், நான்கு மாதம் வேலையைத் தாளில் காட்டிவிட்டு மறுபடி அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டாம் முறையும் அதே பதில் வந்தால் அந்த ஆலையில் உங்களுக்கு மேலே படி இல்லை. அப்போது கிளம்புவதில் எந்தக் குற்ற உணர்வும் வேண்டாம்.

சனிக்கிழமைத் தாளை எப்படி எழுதுவது? அரைப் பக்கத்துக்கு மேல் போகவே கூடாது. எளிய ஆங்கிலம் போதும்; உங்கள் ஆலையின் மெயில் எல்லாம் அதில்தானே போகிறது. அந்த வாரம் போன வண்டிகள், நின்ற வண்டி, நின்றதற்குக் காரணம், அடுத்த வாரம் சிக்கல் வரக்கூடிய இடம். ஏதாவது தடுத்திருந்தால் அதன் ரூபாய் மதிப்பு. உதவியவர் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். ஓசூர் லாரி விஷயத்தில் கணக்குப் பிரிவு நண்பர் பெயர் முதலில் வர வேண்டும். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த மனிதர் அவர், அடுத்த முறையும் எழுந்து வர வேண்டுமே! 'நான்' என்ற சொல் குறைவாக வரட்டும், எண்கள் அதிகமாக வரட்டும். புகாரை அதில் கலக்காதீர்கள். உதவி மேலாளருக்கு முகவரியிட்டு, மேலாளருக்கு நகல் போடுங்கள். அவரைத் தாண்டிப் போனால் வேறு சண்டை ஆரம்பமாகும். உங்கள் தனி நோட்டில் தேதியோடு இரண்டு வரி எழுதிவைத்துக்கொள்ளலாம். ஆனால் கம்பெனியின் விலைப் பட்டியலையோ வாடிக்கையாளர் விவரத்தையோ வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். பின்னால் வேறு ஆலைக்குப் போகிறபோது அதுவே உங்கள் மேல் வழக்காகத் திரும்பும்.

இதைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்று உங்கள் கேட் பதிவேட்டில் கிடக்கிறது. வண்டி உள்ளே வந்த நேரம், காலி எடை போட்ட நேரம், லோடு எடை போட்ட நேரம், வெளியே போன நேரம் எல்லாம் அதில் இருக்கும். எந்த ஆலையிலும் யாரும் திருப்பிப் பார்க்காத நோட்டு அது. மூன்று மாதத்துக் கணக்கை எக்செல்லில் ஏற்றுங்கள். பிவட் டேபிள் (எண்களைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போடக் கற்றுக்கொள்ள இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும், இலவசப் பாடங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. ஒரு வண்டி உள்ளே வந்து வெளியேறச் சராசரி எத்தனை மணி நேரம் ஆகிறது, எந்தக் கிழமையில் அதிகம், அளவு வாரியாகக் கம்பி எடுத்துக் கொடுப்பதில் தாமதமா, பில் போடுவதில் தாமதமா என்று அதில் வந்துவிடும். மாதக் கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டியது அந்த ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான். 'மதியம் இரண்டு மணிக்குப் பிறகு வரும் வண்டி மற்ற வண்டிகளைவிட இவ்வளவு நேரம் அதிகம் நிற்கிறது, காரணம் இது' என்று கூட்டம் தொடங்கிய முதல் சில நிமிடங்களுக்குள் சொல்லிவிடுங்கள். கடைசியில் பேசலாம் என்று காத்திருந்தால் வழக்கம்போல் வடை தின்றுவிட்டு எழுந்து வருவீர்கள். மலையாளத்தில் சொல்லுங்கள். உங்கள் உச்சரிப்பில் தமிழ் வாடை அடித்தால் அடிக்கட்டும். எண் சரியாக இருந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள், சிரித்தாலும் எண் நிற்கும்.

மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு கேள்வியும் இல்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இல் வந்தது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள அது வழி செய்கிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் தாலுகாவில் பஞ்சாயத்துக்கும் வில்லேஜ் ஆபீஸுக்கும் தமிழில் மனு எழுதுங்கள். ஆனால் தனியார் ஆலையின் கூட்ட அறைக்கு அந்தச் சட்டம் வராது. ஏழு ஆண்டுகளாக நாள்தோறும் பார்க்கிற அறிவிப்புப் பலகையைப் படிக்கத் தெரியாமல் அதைக் கடந்து போவது உங்களுக்கே உறுத்த வேண்டும்.

கஷ்டமான வேலையும் இல்லை. பேசத் தெரிந்தவருக்கு எழுத்து மட்டும்தான் பாக்கி. மாநில சாக்ஷரதா மிஷன் (எழுத்தறிவு இயக்கம்) 'பச்ச மலையாளம்' என்று ஒரு சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. பள்ளியில் மலையாளம் படிக்காதவர்களுக்காகவே வந்தது அது. சேர முடியாவிட்டால், உங்கள் கைக்கு நாள்தோறும் வருவதிலிருந்து தொடங்குங்கள்: பஸ் பலகை, தொழிற்சங்க நோட்டீஸ், சுமை தூக்கும் தொழிலாளர் கூலிச் சீட்டு. கூட்டெழுத்துகள் ஆரம்பத்தில் பயமுறுத்தும், ஒரு மாதத்தில் பழகிவிடும். அந்தத் திருச்சூர்க்காரரிடமே சந்தேகம் கேளுங்கள் என்று சொன்னால் உங்களுக்குச் சுர்ரென்று ஏறும். ஏறட்டும். அவருக்கு லாரிக்காரர்களிடம் பேச வராது என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். புதிய பதவியில் அவருக்கு இப்போது இரவில் தூக்கம் கெடுவது அதனால்தான் இருக்கும். நீங்கள் அவருக்கு நாமக்கல் டிரைவரிடம் எப்படிப் பேசுவது என்று காட்டிக்கொடுங்கள், அவர் உங்களுக்கு நோட்டீஸ் படிக்கக் கற்றுக்கொடுக்கட்டும். அவர் மேலே போகிறபோது காலியாகும் நாற்காலிக்கு யார் பெயரைச் சொல்வார் என்றும் யோசித்துப் பாருங்கள்.

உங்களிடம் இருப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியவில்லை, தம்பி. தமிழ்நாட்டு டிரைவரிடம் தமிழ், லோடு ஏற்றும் சங்கத்தாரிடம் மலையாளம், உருட்டாலையில் நிற்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்களிடம் அரைகுறையானாலும் இந்தி, மெயிலில் ஆங்கிலம். இந்த நான்கையும் ஒரே மணி நேரத்தில் மாற்றி மாற்றிப் பேசி ஒரு வண்டியை வெளியே அனுப்புகிறவர் கொச்சியில் விளம்பரம் கொடுத்தாலும் எளிதில் கிடைக்கமாட்டார். இங்கேயும் அங்கேயும் அந்நியன் என்று நீங்கள் புழுங்குகிற அதே விஷயம்தான் வாளையாற்றின் இரு பக்கத்து ஆலைகளுக்கும் தேவைப்படுகிறது. சம்பளம் பேசும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள்.

அதிகாலை ஐந்து மணி விஷயத்தை இரண்டு வரியில் முடிக்கிறேன். டிஸ்பேட்ச் வேலையில் நள்ளிரவு வரை இருந்துவிட்டு ஐந்துக்கு எழுந்தால், ஏழு மணி நேரத் தூக்கம் என்ற குறைந்த அளவுகூட உங்களுக்கு இல்லை; அரைத் தூக்கத்தில்தான் எடைச் சீட்டில் பிழை வரும். இரவில் கேட்கும் தன்னம்பிக்கைப் பேச்சுகளையும் நிறுத்துங்கள். ஒரு வருடம் கேட்டும் ஒன்றும் மாறவில்லை என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள், நான் சேர்க்க எதுவும் இல்லை.

45,000 ரூபாய் வகுப்பு வேண்டாம். அது உங்கள் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். மூன்று நாள் ஓட்டலில் கைதட்டி, ஒரு சான்றிதழ் தருவார்கள். கஞ்சிக்கோட்டில் எந்தப் பணியாளர் பிரிவும் அந்தச் சான்றிதழுக்காக ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்ததை நான் அறியேன். அந்தப் பணத்தில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினால் எக்செல் வேலைக்கு உதவும்.

குறிச்சி வேலையைத் தனியாகப் பார்க்க வேண்டும். 3,600 ரூபாய் அதிகம் என்பது கண்ணுக்குத் தெரிகிற கணக்கு. தெரியாத கணக்கு அம்மாவின் மாத்திரையில் இருக்கிறது. இஎஸ்ஐக்கு மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய், 2017 ஜனவரியிலிருந்து. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது மாதம் 146 ரூபாய் பிடித்துக்கொண்டு, உங்களுக்கும் உங்களை நம்பியிருக்கும் அம்மாவுக்கும் மருத்துவம் கொடுக்கிறார்கள். புதிய இடத்தில் 23,000-இல் சேர்ந்தால் அங்கே அது இல்லாமல் போகலாம். இங்கேயே பதவி உயர்ந்து வரம்பைத் தாண்டினால்கூட, நடப்புப் பங்களிப்புக் காலம் முடியும் வரை, அதாவது செப்டம்பர் இறுதியோ மார்ச் இறுதியோ எது முன்னால் வருகிறதோ அதுவரை, தொடரும். அந்த அவகாசத்தில் வேறு காப்பீடு எடுத்துவிடலாம். சர்க்கரை நோய் உள்ள அம்மாவுக்குத் தனியார் காப்பீடு என்ன விலை, எத்தனை ஆண்டு காத்திருப்பு என்று இந்த வாரமே இரண்டு இடத்தில் விசாரியுங்கள். வேலந்தாவளம் வழியாக நாள்தோறும் போய் வரும் செலவையும் சேர்த்துக் கழித்துப் பாருங்கள். 3,600-இல் எவ்வளவு மிஞ்சும் என்று எனக்குச் சந்தேகம்.

போவதென்றே முடிவானால், ஏழு ஆண்டு வேலை பார்த்திருப்பதால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உங்களுக்கு உரியது. ஐந்து ஆண்டு முடித்தவர் தானாக ராஜினாமா செய்தாலும் கொடுக்க வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000 என்றால், அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து ஏழால் பெருக்குங்கள்: ஏறக்குறைய 56,500 ரூபாய். கேட்காமல் விட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவழிக்காதீர்கள். யுஏஎன் எனப்படும் உங்கள் அதே பிஎஃப் எண்ணில் புதிய நிறுவனத்துக்கு மாற்றுங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும், உங்களுக்கு இன்னும் மூன்றுதான் பாக்கி. கல்யாணச் செலவுக்கென்று ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

பெண் வீட்டார் முதலில் பதவியைத்தான் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நிரந்தர வேலை, ஏழு ஆண்டுச் சேவை, பிஎஃப் உண்டு என்று சொல்லுங்கள். அதைக் கேட்டும் பதவிப் பெயரையே பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் வீட்டில் உங்களுக்கு அப்புறமும் நிம்மதி இருக்காது. அம்மாவிடம் விதியைப் பற்றி வாதாட வேண்டாம், அவருக்கு அது ஓர் ஆறுதல்.

குறிச்சி நிறுவனம் சொன்ன 23,000-இல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிஎஃப்பில் நிறுவனத்தின் பங்கு அதற்குள்ளேயே அடங்குகிறதா, மேலே வருகிறதா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரும் வரை கஞ்சிக்கோட்டில் ராஜினாமா என்ற பேச்சையே எடுக்காதீர்கள், கணக்குப் பிரிவு நண்பரிடம்கூட.